பத்துக்கு மூணு

அலமாரிக்குப் பின்னால் தலையை நுழைத்து அவன் மூன்றாவது வயரைப் பிடுங்கப் போனபோது அண்ணியின் குரல் கேட்டது.

"தம்பி, அதைக் கழட்டாத."

"கட்டில் போட இடம் பத்தாது அண்ணி. ஆஸ்பத்திரியிலேர்ந்து வண்டி கிளம்பிடுச்சாம்."

"சோபாவைத் தூக்கி வெளியில போடு. அவர் பாட்டுப் பெட்டியில கை வைக்காத."

தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தான். சோபாவை அவனும் பல் டாக்டரும் பிடித்துத் தூக்கினார்கள். பல் டாக்டர் அண்ணனுடைய பாட்டுக் கூட்டாளி. காலையில் சவரம் செய்துகொண்டிருந்த அண்ணன் குளியலறையில் சரிந்ததும் அண்ணி முதலில் கூப்பிட்டது அவரைத்தான். பல்லாவது இதயமாவது, டாக்டர்தானே என்று நினைத்திருக்கிறாள். அவரும் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பதினொரு மணிக்கு அண்ணனைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். ஒரு பக்கக் கன்னம் மட்டும் மழமழவென்றிருந்தது. தலைமாட்டில் அந்தப் பெட்டி.

அதற்குப் பெயர் மியூசிக் சர்வர். பாட்டுகளைச் சேர்த்துவைத்து ஸ்பீக்கருக்கு அனுப்புவதற்கென்றே செய்த கம்ப்யூட்டர். பல் டாக்டர் ஆசை காட்டி உசுப்பிவிட, அண்ணன் ஓய்வு பெற்ற மாதத்தில் வாங்கியது. தம்பிக்கு ஒரு பெரிய அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை. நானூறு பேருடைய கம்ப்யூட்டர் கோப்புகளைச் சாதாரணச் சேமிப்புப் பெட்டிகளில் வைத்துக் காப்பவன். அவனுக்கு அதைப் பார்த்த அன்றே பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல நாலில் ஒரு பங்கு விலைக்கு நான் சேமிப்புப் பெட்டி வாங்கித் தர்றேண்ணா. அதே பாட்டு, அதே சத்தம். எதுலேர்ந்து வந்தா என்ன?"

"நீ வயரை நம்புற. நான் காதை நம்புறேன்டா" என்பார் அண்ணன்.

நம்பாமல் என்ன? முப்பத்தெட்டு வருஷம் லிப்ட் மெக்கானிக். மேல்மாடியில் நின்றபடியே, வருகிற லிப்ட்டின் சத்தத்தை வைத்து எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் அவருக்குச் சோறு போட்டது. அந்தக் காதை வைத்துத்தான் தம்பியைப் படிக்கவும் வைத்தார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி சேமிப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, நாலு பேரை உட்காரவைத்து, போர்வையைத் திரையாகக் கட்டினான். ஒரே புல்லாங்குழல் இசையைப் பத்துத் தடவை போட்டான். எது எந்தப் பெட்டி என்று அண்ணன் சொல்ல வேண்டும். மூன்று தடவைதான் சரியாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். கடைசி மூன்று தடவை அவன் பெட்டியை மாற்றவேயில்லை. மூன்றும் சாதாரணப் பெட்டிதான். "ஆங், இதான் என்னோடது! மூச்சு இழுக்கிறது கேக்குது பாரு" என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னபோது அவன் போர்வையை விலக்கிக் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பிறகு எழுந்துபோய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

சேமிப்புப் பெட்டியை அன்று அங்கேயே பரிசாக விட்டுவிட்டு வந்தான். என்ன கொழுப்பு!

"தம்பி" என்றாள் அண்ணி. "நாலு மணிக்கு எடுத்துருவாங்க. அதுக்குள்ள அவர் கடைசியா கேட்ட பாட்டைப் போடு. அந்தப் பெட்டியே குறிச்சு வைக்குமாமே, அவர் சொல்லியிருக்கார்."

"அண்ணன் பாட்டுக் கேட்டாரா அண்ணி? அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்?"

அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். ஆறு மாதமாக அதைக் கேட்கத் தைரியம் வராமல் போனில் வேறு என்னென்னமோ பேசிக்கொண்டிருந்தான்.

"கேக்காம? தினம் சாயங்காலம் அஞ்சு மணி ஆனா ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்துருவார். ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்கமாட்டார். நானும் மிக்சிகூடப் போடமாட்டேன். தம்பி மேல கோவமான்னு கேட்டேன். சேச்சே, அவன் விளையாட்டுக்குப் பண்ணான், என் பாட்டு எங்க போச்சுன்னார்."

நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. செல்போனில் அந்தப் பெட்டியின் பதிவேட்டைத் திறந்தான். எந்தப் பாட்டு, எந்த நாள், எத்தனை மணி என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும், கடைசியாகக் கேட்டது மேலே.

மேலே முதல் வரியாக இருந்தது அந்தப் புல்லாங்குழல். அந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

தவறாகப் பார்க்கிறோமோ என்று மறுபடி திறந்தான். ஒருவேளை அண்ணன் மனசு மாறி சாதாரணப் பெட்டியில் கேட்டிருப்பாரோ? அதையும் பார்த்தான். அன்றைக்குப் பிறகு அதை யாரும் தட்டி எழுப்பவேயில்லை.

ஆறு மாதம். தினமும் ஒரு மணி நேரம். காதை மூடிக்கொண்டு, ஒன்றும் ஓடாமல், மனைவிக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று, தம்பிமேல் அவள் வருத்தப்படக்கூடாதென்று உட்கார்ந்திருக்கிறார். அடப் பாவி அண்ணா, என்னை நாலு அறை அறைந்திருக்கக் கூடாதா?

"என்னப்பா, கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சு அண்ணி."

பழைய பக்கங்களில் தேடினான். நானூற்றுப் பன்னிரண்டு தடவை ஓடியிருந்த ஒரு வயலின் இசை இருந்தது. அதைத் தொட்டான்.

"இதான். நேத்து அஞ்சு மணிக்குக் கேட்டிருக்கார்."

"நேத்தா?"

"நேத்துதான்."

கூடத்தில் வயலின் எழுந்தது. பல் டாக்டர் பக்கத்தில் வந்து, "எதுல ஓடுது?" என்று காதோரம் கேட்டார்.

"அண்ணன் பெட்டியில."

அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான். இதுவரை எதையும் அப்படி உன்னிப்பாகக் கேட்டதில்லை. ஒரு துளி வித்தியாசம் கேட்டுவிடாதா, ஒரே ஒரு தடவை நாம் தோற்றுவிட மாட்டோமா என்று ஏங்கிக் கேட்டான். வயலின் வயலின் மாதிரிதான் இருந்தது. அவன் வாங்கிக் கொடுத்த பெட்டியிலும் இப்படித்தான் இருந்திருக்கும். அவன் சொன்னதுதான் சரி.

"ஏம்பா," என்றாள் அண்ணி, "நீயும் உங்கண்ணனும் இதுக்காக அடிச்சுக்குவீங்களே, எனக்கு அதெல்லாம் தெரியாது. நிஜமாவே வித்தியாசம் தெரியுதா?"

பல் டாக்டர் அவனைப் பார்த்தார்.

"தெரியுது அண்ணி. நல்லாவே தெரியுது."

அண்ணி தலையாட்டினாள். பிறகு குனிந்து, அண்ணனின் தலையைச் சுற்றியிருந்த துணியை நெகிழ்த்தி, காது வெளியே தெரியும்படி விலக்கிவிட்டாள்.