ஏழாவது வரிசையில் ஒற்றைக் குரல்

பிரெம்லி கல்லூரிக் கூடைப்பந்து அணி போன பருவத்தில் ஐந்து ஆட்டம் ஜெயித்தது, இருபத்து நான்கு தோற்றது. ஆகஸ்டில், சோளம் ஆளுயரம் தாண்டி நின்ற சமயத்தில், கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. இந்த வருஷம், பருவம் முழுதுக்குமான சீசன் டிக்கெட் விலை ஒன்றரை மடங்கு. பழைய இருக்கையே வேண்டுமென்றால் அதற்கு மேல் ஒரு நன்கொடையும் தர வேண்டும்.

என் கணவர் வெர்லின் ஃபோனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து அதை இரண்டு முறை படித்தார்.

"தோத்ததுக்கே இவ்வளவு ஏத்துறான். ஜெயிச்சிருந்தா வீட்டையே எழுதிக் கேட்டிருப்பான்" என்றார்.

வெர்லின் டயர் கடை வைத்திருக்கிறார். நான் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். என் தம்பி டெல்மர் வீடுகளில் கணப்பு எந்திரம் பழுது பார்ப்பவன். குளிர்காலத்தில் இண்டியானாவில் அவனுக்கு இருக்கும் மரியாதை ஆளுநருக்குக்கூட இருக்காது. எங்கள் மூவருக்கும் அரங்கத்தின் ஏழாவது வரிசையில் அடுத்தடுத்து நாற்காலிகள். நடுவில் நான். அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்பார்கள் என்பதால் வந்த ஏற்பாடு அது.

அந்தச் சனிக்கிழமை காலை வில்மாவின் சாப்பாட்டுக் கடையில் பேச்சு முழுக்க இதுதான். பிஸ்கட் என்று இங்கே சொல்லும் மெத்தென்ற ரொட்டியும் அதன்மேல் ஊற்றும் இறைச்சிக் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன, யாரும் கவனிக்கவில்லை.

"முட்டை விலை ஏறினப்ப நான் ஆம்லெட் விலைய ஏத்தினேன். நீங்க யாராவது வராம இருந்தீங்களா?" என்று காப்பி ஊற்றியபடி கேட்டாள் வில்மா.

"உன் ஆம்லெட் இருபத்து நாலு தடவை கருகலையே, வில்மா" என்றார் வெர்லின்.

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மர் மட்டும் சிரிக்கவில்லை. "மச்சான், இப்பல்லாம் ஆடுற பசங்களுக்குப் பணம் குடுக்கணும். கொஞ்சம் நல்லா ஆடிட்டான்னா அடுத்த வருஷமே அதிகம் தர்ற காலேஜுக்குப் போயிடறான். நாம குடுக்கலேன்னா வேற யார் குடுப்பா?"

"பசங்களுக்குப் போச்சுன்னா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்? வீடு அளவுக்கு ஒரு ஸ்கோர் போர்டு வாங்கி மாட்டியிருக்கான், பாத்தியா? நாம தோக்கறத பெருசாப் பாக்கறதுக்கா?"

மூலை மேஜையிலிருந்து பாஸ்டர் ஓரல் கையைத் தூக்கினார். மெதடிஸ்ட் சபையில் நாற்பது வருஷம் பிரசங்கம் செய்து ஓய்வு பெற்றவர். கையைத் தூக்கினால் இன்னும் கூட்டம் அடங்கும். "நானும் காணிக்கைத் தட்டு நீட்டினவன்தான். ஆனா இந்த பெஞ்சுல உக்காரணும்னா இவ்வளவுன்னு ஒருநாளும் சொன்னதில்ல."

"அதேதான் பாஸ்டர்" என்றார் வெர்லின். "நன்கொடைன்னா நானா மனசு வந்து குடுக்கறது. கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு வரி."

"ஜெயிக்கிறப்ப மட்டும் வர்றவன் ரசிகன் இல்ல மச்சான், விருந்தாளி" என்றான் டெல்மர்.

அது வெர்லினுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பனிப்புயலில் வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு நடந்தே ஆட்டத்துக்குப் போன மனிதர் அவர். தட்டைத் தள்ளிவைத்தார். "நான் இந்த வருஷம் வாங்கப் போறதில்ல."

"நான் வாங்குவேன்" என்றான் டெல்மர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கடையே என்னைப் பார்த்தது. நான் டெல்மரின் அக்காதான். ஆனால் ராத்திரி வீட்டுக்குப் போவது வெர்லினோடு. "எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து, வில்மா" என்றேன். நானும் வாங்கப் போவதில்லை என்று அதிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கடையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் வெர்லின் பக்கம் நின்றார்கள். ஒருவரும் வாங்குவதில்லை என்று கை தட்டி முடிவு செய்தார்கள்.

நவம்பரில் முதல் ஆட்டம். சனிக்கிழமை மதியம். புல்வெட்டும் எந்திரத்தைச் சரிசெய்யப் போவதாகச் சொல்லிவிட்டு வெர்லின் கொட்டகைக்குள் போனார். நவம்பரில் எந்தப் புல்லை வெட்டப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. காப்பி கொண்டுபோனபோது அங்கே ரேடியோவில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வர்ணனை செய்பவர் ரஸ் பெக்லி; எங்கள் கிளினிக்கில்தான் பல் கட்டியிருக்கிறார்.

ரஸ்ஸின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. தெளிவாக, ஒரு சொல் பிசகாமல்.

"நடுவரே, கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா? சாவி குடுங்க, நான் போய் எடுத்துட்டு வரேன். இங்க எனக்குப் பாக்க ஒண்ணுமில்ல."

"டெல்மர்" என்றேன் நான்.

அரங்கம் நிறைந்திருந்த நாளில் டெல்மர் என்ன கத்தினாலும் அது இரைச்சலில் ஒரு துளி. இப்போது சுற்றிலும் காலி நாற்காலிகள். அவன் பேசுவதெல்லாம் ரஸ்ஸின் மைக்கில் போய் விழுந்தது. ரஸ்ஸே வர்ணனையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வெர்லின் சிரித்த சிரிப்பில் குனிந்த தலை எந்திரத்தின் கைப்பிடியில் இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே மறுபடியும் சிரித்தார்.

அணி தோற்றது. ஆனால் டெல்மர் ஊரில் பிரபலமாகிவிட்டான். பல் காட்ட வந்தவர்கள் வாயைத் திறந்ததும் முதலில் வந்தது அவன் பேச்சுதான். கூடைப்பந்தே கேட்காதவர்கள்கூட டெல்மருக்காக ரேடியோ போட்டார்கள். எந்திரம் கெடாத வீடுகளிலிருந்தும் அவனைப் பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் நடந்த ஆட்டம் ஒன்றில் ஐசக் லிண்டர் என்ற பையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. யாரும் மறிக்காமல், கோட்டில் தனியாக நின்று கூடைக்குள் எறிய வேண்டியதுதான். முதல் வருஷ மாணவன், நெட்டைப் பையன், டெக்சாஸ் பக்கத்திலிருந்து வந்தவன். இரண்டையும் தவறவிட்டான்.

"ஐசக், கூடை அங்கதான் இருக்கு" என்றது டெல்மரின் குரல். "நேத்தும் அங்கதான் இருந்துச்சு. யாரும் நகத்தல."

கொட்டகையில் நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த ஆட்டத்தில் டெல்மரின் குரலைக் காணோம். அதற்கடுத்த ஆட்டத்திலும் இல்லை. வெர்லின் ஒலியைக் கூட்டினார், குறைத்தார், ரேடியோவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"உன் தம்பிக்கு உடம்பு சரியில்லையா?"

"நீங்களே கேக்கறதுதானே."

"எனக்கென்ன. நீ கேளு."

ஞாயிற்றுக்கிழமை டெல்மரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் அவனுக்கு உயிர். அன்று தட்டில் கிளறிக்கொண்டே இருந்தான். வெர்லின்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ரேடியோவுல ஆளக் காணோமே. டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துட்டியா?"

"இல்ல. எல்லா ஆட்டத்துக்கும் போறேன்."

"அப்புறம்?"

டெல்மர் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அந்தப் பையன் திரும்பிப் பாத்தான், மச்சான். ஐசக். ரெண்டையும் விட்டுட்டு நேரா என்னையே அண்ணாந்து பாத்தான். கோவம் இல்ல. சும்மாப் பாத்தான். பத்தொம்பது வயசுகூட ஆகல. இத்தன வருஷம் இதைவிட மோசமால்லாம் கத்தியிருக்கேன், ஒருத்தனும் திரும்பினதில்ல. ஏன்னா காதுல விழுந்ததே இல்ல." தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தான். "கூட்டத்தோட கத்தினா அது உற்சாகம். தனியாக் கத்தினா அது வசவுதான். எனக்கு இவ்வளவு நாள் தெரியல."

"போய்ப் பேசறதுதானே அந்தப் பையன்கிட்ட?" என்றேன்.

"என்னன்னு பேசறது? அன்னிக்குக் கத்தின வாய் நான்தான்னா?"

 வெர்லின் டெல்மரின் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்து வைத்தார். எங்கள் வீட்டில் அது பெரிய பேச்சு.

அடுத்த சனிக்கிழமை மதியம் மாடியிலிருந்து இறங்கியபோது அவர் அணியின் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க?" என்றேன்.

"கோட்டப் போடு. எதுவும் கேக்காத."

அரங்க வாசலில் அன்றன்றைக்கு விற்கும் டிக்கெட் இரண்டு வாங்கினார். மலிவானது, கூரையை ஒட்டிய கடைசி வரிசை. மூச்சு வாங்க ஏறி, உட்காரப் போனபோது வெர்லின் அப்படியே நின்றுவிட்டார். எங்களுக்கு முன்வரிசையில் தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்டர்?"

பாஸ்டர் ஓரல் தொப்பியை மெல்லத் தூக்கினார். "ஆண்டவர் மன்னிப்பார், வெர்லின். நீயும் மன்னிச்சிடு."

"எத்தன ஆட்டமா வர்றீங்க?"

"ரெண்டாவதுலேர்ந்து."

சுற்றிப் பார்த்தேன். இடது கோடியில் கறுப்புக் கண்ணாடியோடு வில்மா. தூணுக்குப் பின்னால் தபால்காரர் கார்ல். வில்மா கடையில் கை தட்டி முடிவெடுத்த கூட்டத்தில் பாதிக்கு மேல் அந்தக் கூரையடியில், ஒருவருக்கொருவர் தெரியக்கூடாதென்று ஆளுக்கொரு மூலையில் பதுங்கி உட்கார்ந்திருந்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் யாரும் வாயைத் திறக்கவே இல்லை.

வெர்லின் இடுப்பில் கைவைத்துச் சிரிக்கத் தொடங்கினார். கீழே, ஏழாவது வரிசையில், டெல்மர் ஒற்றை ஆளாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலிருந்து பார்க்கையில் அவன் தலையில் வழுக்கை விழுந்திருப்பது தெரிந்தது. இவ்வளவு நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

"எல்லாரும் எழுந்திரிங்க" என்றார் வெர்லின். "கீழ போறோம்."

படியில் நின்ற காவலாளி எங்களைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், பிறகு தன் காலணியைப் பார்த்தார். நாங்கள் இருபது பேர் போல ஏழாவது வரிசையிலும் எட்டாவதிலும் போய் நிரம்பினோம். டெல்மர் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைச் சொல்லத் தெரியவில்லை.

"விருந்தாளி வந்திருக்கேன்" என்றார் வெர்லின். "தள்ளி உக்காரு."

இரண்டாம் பாதி தொடங்கியதும் விளையாட்டுத் துறைத் தலைவர் கைல் பிராதர் படியேறி வந்தார். இளம் வயது, நல்ல கழுத்துப்பட்டை, எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுபவர். "மன்னிக்கணும், இது சீசன் டிக்கெட் வாங்கினவங்களுக்கான இடம்."

"அவங்களக் காட்டுங்க சார், எழுந்துக்கறோம்" என்றார் வெர்லின்.

பிராதர் வரிசை நெடுகப் பார்த்தார். டெல்மர் ஒரு கையைத் தூக்கி, "நான்தான் அவங்க" என்றான்.

பிராதர் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் விசில் அடித்தது. ஐசக்கை எதிரணிக்காரன் இடித்துத் தள்ளியிருந்தான். இரண்டு ஃப்ரீ த்ரோ. பையன் தலை குனிந்தபடி கோட்டுக்கு நடந்து வந்தான். எங்கள் வரிசையைப் பார்த்தான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஒரு நிமிஷம் உக்காருங்க சார்" என்று பிராதரின் கையைப் பிடித்து இழுத்தார் வெர்லின். "அந்தப் பையன் எறியட்டும். அப்புறம் எங்கள வெளிய அனுப்புங்க."

பிராதர் உட்கார்ந்தார். நாங்கள் மூச்சுக்கூட விடவில்லை. பந்து வளையத்தில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் வில்மாவின் கறுப்புக் கண்ணாடி எகிறி விழுந்தது. இரண்டாவது பந்து வளையத்தைத் தொடாமலே இறங்கியது. டெல்மர் எழுந்து நின்று கத்தினான். என்ன கத்தினான் என்று பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

மூன்று புள்ளியில் தோற்றோம். கடைசி விசில் வரை பிராதர் எழுந்து போகவில்லை.

வீரர்கள் வெளியே வரும் வழியில் டெல்மரை நானும் வெர்லினும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிறுத்தினோம். ஐசக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"தம்பி, அன்னிக்கு அந்தக் கூடை விஷயம்... சொன்னது நான்தான். சொல்லியிருக்கக் கூடாது" என்றான் டெல்மர்.

ஐசக் குனிந்து அவனைப் பார்த்தான். "எங்கப்பா இதைவிடக் கேவலமாக் கத்துவார் சார். திடீர்னு நீங்க சத்தமே இல்லாமப் போயிட்டீங்க. நான் உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

மறு சனிக்கிழமை வில்மா கடைக்கு பிராதர் தானாகவே வந்தார். பிஸ்கட் சாப்பிட வந்ததாகச் சொன்னார். ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஸ்கோர் போர்டைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம். கடைசியில், "விலைய ஏத்தினா வரவு ஏறும்னுதான் நெனச்சோம். நீங்க வராமப் போவீங்கன்னு யாரும் நெனக்கல" என்று ஒப்புக்கொண்டார்.

"நாங்களே நெனக்கல" என்றார் பாஸ்டர்.

நன்கொடை நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஏற்றிய விலையில் பாதியைக் குறைத்தார்கள். மீதிப் பாதியைக் குறைக்கவில்லை. பையன்களுக்குப் பணம், கொடுக்காவிட்டால் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள் என்று பிராதர் சொன்ன காரணங்கள் அவ்வளவும் டெல்மர் ஆகஸ்டில் சொன்னவைதான். டெல்மர் அதை ஒவ்வொன்றாக வெர்லினுக்கு நினைவூட்டினான். வெர்லின் முணுமுணுத்துக்கொண்டே மிச்சப் பருவத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார்.

அந்தப் பருவத்தை ஒன்பது வெற்றியோடு முடித்தோம். வசந்தத்தில் பெரிய கல்லூரி ஒன்று ஐசக்கைக் கூப்பிட்டது, அவன் போனான். போவதற்கு முந்தின நாள் வில்மா கடைக்கு வந்து எல்லோரிடமும் கைகுலுக்கினான்.

"இன்னும் கொஞ்சம் குடுத்திருந்தா இருந்திருப்பான்" என்றான் டெல்மர், கதவு மூடியதும்.

"எவ்வளவு குடுத்தாலும் போயிருப்பான். போகணும். நல்லா எறியறான்" என்றார் வெர்லின்.

"அப்ப ஒத்துக்கறீங்களா, பணந்தான் காரணம்னு?"

"நான் எங்கடா ஒத்துக்கிட்டேன்?"

நான் நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டேன்.