கார்த்திகையில் காய்ச்சிய பால்

கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பூமிநாதன் ஒரு டம்ளர் பாலை நீட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் எனக்கு வெந்நீர்கூட வைத்துத் தந்ததில்லை. நாள் முழுக்க ஜவுளிக்கடையில் சேலையை விரித்து விரித்து மடித்த களைப்பு. என்ன ஏது என்று கேட்காமல் மடக்கு மடக்கென்று குடித்துவிட்டேன். ஏலக்காய் போட்டு நன்றாகத்தான் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்த பிறகு சொல்கிறார், அது புது வீட்டில் காய்ச்சிய பாலாம்.

குடித்ததைத் துப்பவா முடியும்?

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் ஐந்து வாடகை வீடுகளில் ஒன்று எங்களுடையது. வீட்டுக்கார அண்ணாச்சி ஜெகதீஸ்வரன் எல்லாவற்றையும் இடித்துவிட்டுக் கீழே கடையும் மேலே லாட்ஜுமாக மூன்று மாடி எழுப்பப் போகிறார். தை முதல் முகூர்த்தத்தில் பூமி பூஜை. அதற்குள் இடம் சுத்தமாக வேண்டும். கட்டட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு மாடியை வீடாகக் கட்டி எங்களுக்கே வாடகைக்கு விடுங்கள் என்றுதான் கேட்டேன். வருகிறவன் போகிறவனெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் படுக்கலாம், இங்கேயே வேலை பார்க்கிற நாங்கள் படுக்கக் கூடாதா? நான் ஏதோ வேடிக்கை பேசியதுபோல அண்ணாச்சி சிரித்தார்.

வக்கீல் ஆபீஸில் போய்க் கேட்டதற்கு அக்ரிமென்ட் இருக்கிறதா என்றார்கள். வாய்ப்பேச்சில் குடிவந்த எங்களுக்கு ஏது அக்ரிமென்ட்? எங்களுக்கென்று இருந்த ஒரே பாதுகாப்பு மார்கழி மாதம்தான். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், மாறச் சொல்லவும் மாட்டார்கள். சாமிக்குப் பயந்த அண்ணாச்சி அந்தப் பாவத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார். மார்கழியை ஓட்டிவிட்டால் தையில் டவுனுக்குள்ளேயே நாலு வீடு காலியாகும், ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் கார்த்திகையிலேயே நல்ல நாள் பார்த்துப் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டால் போச்சு. அப்புறம் மார்கழியானாலும் சாமானை ஏற்றலாம், குற்றமில்லை. அண்ணாச்சியின் சம்சாரத்துக்கு இது தெரியாதா? நான் கடைக்குப் போன ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, தறி வேலைக்கு லீவு என்று வீட்டில் உட்கார்ந்திருந்த இவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காரியத்தை முடித்துவிட்டாள். இவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"அக்கா கூப்புட்டாக, எப்பிடி மாட்டேங்கிறது? வாடகையும் கம்மிதான செல்வி" என்றார்.

கம்மிதான். திருச்சுழி ரோட்டில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் கரிசல் சேற்றில் நடந்தால் வருகிற வீடு. அதுவும் அண்ணாச்சியுடையதுதான், ஆள் வராமல் பூட்டிக் கிடந்தது. பொம்பளைகளுக்குப் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்கிறார்கள், சந்தோஷம். அந்தப் பக்கம் போகிற கடைசி டவுன் பஸ் எங்கள் கடை அடைப்பதற்கு முன்பே போய்விடுகிறதே, அதை யாரிடம் சொல்ல? அதற்குப் பிறகு வருகிற வண்டிகள் அங்கே நிற்காது. சீக்கிரம் விடச் சொன்னால் மேனேஜர் என்னை ஒரேயடியாக நின்றுகொள்ளச் சொல்வார். அந்த வீட்டுக்குப் போனால் என் வேலை போச்சு. இதை இவரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாளே அண்ணாச்சி ஆள் அனுப்பிவிட்டார். பால் காய்ச்சியாகிவிட்டதல்லவா, வெள்ளிக்கிழமை லோடு வண்டி வரும், சாமானைக் கட்டி வையுங்கள் என்று. பக்கத்து வீட்டு அனுசியா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தர் போனால் அதைக் காட்டியே மற்ற நாலு வீட்டையும் கிளப்பிவிடுவார் என்று அவளுக்குப் பயம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. காலண்டரைப் பார்த்தேன், கார்த்திகை முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

கார்த்திகைக் கடைசி நாள் காலையில் நாங்கள் இருக்கிற வீட்டு வாசலையே கழுவிக் கோலம் போட்டேன். நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன். உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் என்று வரிசையாக எடுத்துவந்து உள்ளே வைத்தேன். ஸ்டவ்வை வாசலைப் பார்க்க வைத்துப் புதுப்பாத்திரத்தில் பாலை ஊற்றினேன். பூமிநாதன் சட்டையைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றார். பால் பொங்கி வழிந்ததும் நாலு வீட்டுப் பொம்பளைகளும் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் அண்ணாச்சியே வந்துவிட்டார். காம்பவுண்டை ஒட்டித்தான் அவர் வீடு.

"என்னம்மா செல்வி இது?"

"இதே வீட்டுக்குப் புதுசாக் குடி வந்திருக்கோம் அண்ணாச்சி. நாளைக்கு மார்கழி பொறக்குதுல்ல."

"அங்கதான் பால் காச்சியாச்சே."

"அது அவரு காச்சுனது. அந்த வீட்டுக்கு வெளக்கேத்த வேண்டியவ நானு. நா அங்க கால் வைக்கவேயில்ல."

அண்ணாச்சி விடவில்லை. "அந்தப் பால நீயும் குடிச்சியாமுல்ல? குடிச்சா சம்மதிச்ச மாதிரிதான?" என்றார்.

பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒரு டம்ளர் பாலை ஊற்றி அண்ணாச்சியின் முன்னால் நீட்டினேன்.

"குடிச்சேன். என்ன பாலுன்னு தெரியாமக் குடிச்சேன். நீங்க தெரிஞ்சே குடிங்க அண்ணாச்சி."

பொங்கின பாலை வேண்டாமென்று சொல்ல அவரால் முடியவில்லை. கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. வாங்கியவர் குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் திருச்சுழி, திருச்சுழி என்று கூவுவது கேட்டது. எனக்குக் கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் நிலைப்படியை விட்டு நகரவில்லை. அவர் கையிலிருந்த டம்ளரில் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.