பாதி மாத்திரை

ஐஸ் பெட்டியின் பிளக் மூன்றாவது முறையும் கழன்று விழுந்தபோது ஜான்சி அதை ஓங்கிக் குத்திச் செருகினாள். பெட்டிக்குள் அப்பா சவுரிமுத்து, எதையும் காதில் போட்டுக்கொள்ளாத அதே முகத்துடன் படுத்திருந்தார்.

வாசலில் அத்தை ஞானஜோதி, தயிரும் ஃபேனும்தான் அண்ணனைக் கொண்டுபோனதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜான்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலி மாத்திரை போட்டால் இவருக்கு வீசிங் கூடும், உயிருக்கே ஆபத்து என்று மூன்று வருடம் முன்பே டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆகாத மாத்திரைகளின் பெயர்களை எழுதி பீரோவில் ஒட்டினாள். அப்பாவின் பர்ஸிலும் வைத்தாள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, திருமுடிவாக்கம் பட்டறையிலிருந்து வரும் வழியில் மெடிக்கலில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்’ வாங்கி விழுங்கிவிட்டு வருவார். அட்டையிலிருந்து கத்தரித்து, காகித உறையில் போட்டுத் தரும் பெயர் தெரியாத மாத்திரைகள். இரண்டு தடவை ஆஸ்பத்திரி. இரண்டு தடவையும் தெருவுக்கே கேட்கும்படி ஜான்சி திட்டினாள். அதோடு திருந்திவிட்டார் என்றுதான் நம்பியிருந்தாள். நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும், அப்பா எதுவும் போடவில்லை என்று அடித்துச் சொன்னாள்.

அம்மா பேபி அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கையில் ஒரு காகித உறை இருந்தது.

“என் முட்டிக்கு வாங்குனதுடி. நேத்து முதுகு புடிச்சிகினு உக்கார முடியலன்னாரு. பாதியா ஒடைச்சித்தான் குடுத்தேன்.”

ஜான்சிக்கு வாய்வரை வந்துவிட்டது. இந்த வீட்டில் யாருக்குத்தான் சொன்னால் ஏறும்?

“மூச்சு வாங்குனப்பவே மாடில இருந்து உன்ன கூப்புடப் போனேன். வேணாம், அவ திட்டுவா, தானா சரியாப்பூடும்னு கைய புடிச்சிகினாரு. அரைமணி நேரம் வுடவே இல்ல.”

வந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. ஜான்சி தன்னையே வெறுத்தாள்.

“பாதி மாத்திர இன்னா பண்ணும் ஜான்சி? அதனாலயா?”

பாதி என்றாலும் ஆபத்து ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

“பாதில ஒண்ணும் ஆவாதும்மா.”

அம்மா நம்பவில்லை. உறையை நீட்டியபடியே நின்றாள். ஜான்சி அதை வாங்கி, மிச்சமிருந்த பாதியை எடுத்தாள்.

“கோயில்ல பூசைக்கு ரொம்ப நேரம் நிக்கணும். இத நீ போட்டுக்கோ.”

தம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அம்மா விழுங்கி முடிக்கும்வரை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.