ஐந்தாம் கூடாரத்து வெளிச்சம்

மழை பிடித்துக்கொண்டால் லுவாங்வா ஆற்றங்கரையில் எதுவும் காயாது. மிசோசி சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் நின்று, ஈர விரிப்புகளை இஸ்திரி போட்டே உலர்த்திக்கொண்டிருந்தாள். கரியும் நமுத்துப் போயிருந்தது. பெட்டி சூடேறுவதற்குள் புகை கண்ணைக் கரித்தது. அழுதாலும் ஏனென்று யாரும் கேட்கமாட்டார்கள், இந்த வேலையில் அந்த ஒரு வசதி உண்டு.

மழைக்காலத்தில் காடு பார்க்க வருகிறவர்கள் தங்கும் அந்த முகாமில் முக்கால்வாசி வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விருந்தாளிகளும் ஓரிருவர்தான். பாதி வாடகை, கூட்டம் கிடையாது, காடு முழுக்கப் பச்சை, விடிந்தால் பறவைச் சத்தம். அதற்கென்றே கடல் தாண்டி வருகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மழை பிடிக்கும்.

மேலாளர் சிமுகொண்டா குடையோடு வந்து நின்றார்.

"அஞ்சாம் கூடாரத்துக்கு ஆள் வருது. போன மழைக்கு வந்தாங்களே ஹாலந்துக்காரங்க, அதே புருஷன் பொண்டாட்டிதான்."

மிசோசியின் கை நின்றுவிட்டது.

"விரிப்பு கருகுது பாரு," என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஜைலோஸ் எங்கேன்னு கேப்பாங்க. லீவுல ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிடு."

"நான் எப்படி சார் அதச் சொல்றது?"

"சந்தோஷமா இருக்க வந்தவங்க. செத்த கதை எதுக்கு? இந்த மழைக்கு ஒரு ஆளக் குறைக்கச் சொல்லி மேல இருந்து நெருக்குறாங்க. உன்ன விடாமப் புடிச்சு வெச்சிருக்கிறது நான்தான், ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஞாபகம் இல்லாமல் என்ன.

ஜைலோஸ் அவள் புருஷன். அந்தி சாய்ந்தால் நீர்யானைகள் ஆற்றைவிட்டு மேய வரும். அதனால் விருந்தாளிகள் தனியாக நடக்கக்கூடாது. கூடாரத்திலிருந்து மூன்று முறை டார்ச் அடித்தால் ஜைலோஸ் போவான். வாசலில் நின்று, அந்த ஊர் வழக்கப்படி உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டி, உள்ளேயிருந்து பதில் வந்தபின் அழைத்து வருவான். மற்ற மாதங்களில் அதற்கு இரண்டு பேர், மழையில் ஒருவன்.

போன மழையில் ஐந்தாம் கூடாரத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே, ஆள் உயரப் புல்லில் நீர்யானை அவனைக் கடித்துப்போட்டது. விருந்தாளிகள் சாப்பிட்டு, அவன்தான் கொண்டுபோய் விட்டு, எல்லாம் முடிந்த பிறகு. யாரும் கூப்பிடாமல் அவனாகப் போனதால் தப்பு அவனுடையதே என்று முகாம் கைகழுவியது. ஊர் அதற்கும் மேலே போய்விட்டது. அந்தப் பக்கம் இன்னொரு சலவைக்காரியின் குடிசை இருந்ததே, போதாதா? மாமியார் வீட்டில்கூட அப்படித்தான் பேச்சு. மிசோசி ஒரு வருடமாக இஸ்திரி போட்டபடியே அவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஏன் போனாய்? சில அந்திகளில் அவள் குடிசை வாசலில் கை தட்டும் சத்தம் கேட்கும். திறந்தால் மழைதான் இருக்கும்.

மத்தியானம் படகு வந்தது. ஹன்னகே அம்மாள் இறங்கியதும் மிசோசியைக் கட்டிக்கொண்டாள். அவள் புருஷன் வில்லெம் கன்னத்து மழையைத் துடைக்காமலே சிரித்தார்.

"எங்கே எங்க ஜைலோஸ்?"

சிமுகொண்டா குடைக்குள்ளிருந்து மிசோசியையே பார்த்தார்.

"லீவும்மா. ஊருக்குப் போயிருக்காரு."

சொல்லி முடித்ததும் நாக்கை இழுத்து வெளியே எறிந்துவிடலாம் போலிருந்தது.

கூடாரத்தில் அவள் விரிப்பை மாற்றும்போது ஹன்னகே பெட்டியிலிருந்து ஒரு மழைக்கோட்டை எடுத்தாள். பச்சை நிறம், கனமானது, முழங்காலுக்குக் கீழே வரும். "கிழிஞ்ச கோட்டோட எங்களுக்காக நனைஞ்சாரே, பாவம். அடுத்த தடவை வாங்கிட்டு வரேன்னு வாக்குக் கொடுத்தேன். அவர்கிட்ட கொடுத்துடுவியா?"

மிசோசி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"கடைசி நாள் அவருக்கு நன்றிகூடச் சொல்லல. விடியறதுக்குள்ள எங்களப் படகுல ஏத்திட்டாங்க. ஆனா அந்த ராத்திரிய மறக்கவே முடியாது. வில்லெம், அந்த மரம் ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? மரம் பூரா மின்மினி," என்றார் அவர். "டார்ச்ச மூணு தடவ அடிச்சா அதுவும் பதிலுக்கு மின்னுது. சின்னப் பிள்ளைங்க மாதிரி ரொம்ப நேரம் அடிச்சுட்டே இருந்தோம்."

"அப்புறம் மழை வலுத்துடுச்சு," என்றாள் ஹன்னகே. "வாசல்ல யாரோ கை தட்டினாப்லகூட இருந்துச்சு. மழைச் சத்தம்தான்னு தூங்கிட்டோம்."

மிசோசி தலையணை உறையைப் பிடித்தபடி நின்றாள். அவன் செத்த ராத்திரி அது. கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் போய்த் தட்டியிருக்கிறான். பதில் வரவில்லை என்று திரும்பியிருக்கிறான். வாய் வரை வந்தது. ஆனால் லீவில் இருக்கிறவன் எப்படிச் செத்தான் என்று இப்போது எந்த வாயால் சொல்வது? தலையணையைத் தட்டி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சிமுகொண்டா முழுவதையும் கேட்டார். கேட்டபின் குடையை மடக்கி உதறினார்.

"சரி, இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"அவரு தப்புப் பண்ணலன்னு எல்லாருக்கும் தெரியணும் சார். ஊருக்குத் தெரியணும்."

"லீவுன்னு நீதானே சொன்ன? இப்ப மாத்திப் பேசினா அந்தம்மா உன்ன நம்புமா? அவங்க வெளையாட்டாலதான் ஒரு உசுரு போச்சுன்னு தெரிஞ்சா மனுஷி தாங்குவாளா?" கோட்டைப் பார்த்தார். "அத லுபேயோகிட்ட கொடு. கோட்டு இல்லன்னு பொலம்பிட்டே இருக்கான்."

சாப்பாடு முடிந்தது. ஜைலோஸின் இடத்துக்கு வந்த லுபேயோ விருந்தாளிகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுப்போரம் சோளமாவுக் களியான சீமா உருண்டையைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான். மழை தகரத்தில் இறங்கியது. ஐந்தாம் கூடாரத்தில் வெளிச்சம் மூன்று முறை அடித்தது.

லுபேயோ கையைக் கழுவினான்.

"போகாதே," என்றாள் மிசோசி. "அது உனக்கில்ல. மின்மினிக்கு அடிக்கிறாங்க."

"இருக்கலாம் அண்ணி. நெசமாவே கூப்பிட்டிருந்தா? போகலன்னா நாளைக்கே என்ன வீட்டுக்கு அனுப்பிடுவாரு. போனா நனையறதோட சரி." பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு சிரித்தான். "இப்ப அதுவும் இல்ல."

கோட்டு அவனுக்குப் பெரிது. ஜைலோஸின் உயரத்துக்கு வாங்கியது. முக்காட்டை இழுத்துவிட்டுப் புல்லுக்குள் இறங்கியபோது, பின்னாலிருந்து பார்க்க ஜைலோஸ் போவது போலவே இருந்தது. மிசோசி மழையில் ஓடி நின்று, வெளிச்சத்தை அணைக்கச் சொல்லிக் கத்தினாள். அவள் குரல் அவள் காதுக்கே எட்டவில்லை.

லுபேயோவின் டார்ச் கூடாரத்து வாசலில் போய் நின்றது. யாரும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது திரும்பிப் புல்லுக்குள் இறங்கியது. அதற்குப் பின்னால், கூடாரத்திலிருந்து வெளிச்சம் மறுபடி மூன்று முறை அடித்தது.