டட்சனுக்கு அடித்த எர்த்

எண்பத்தாறில் என் பழைய டட்சனுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்க ஈப்போ டவுனுக்குப் போனேன். ஓட்டைக் காருக்கு இந்த ஆட்டம் தேவையா என்று தோட்டமே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவர்களுக்கு என்ன தெரியும்? என் மனைவி பாஞ்சாலை பதினேழு வருடம் தேயிலை ஆலையில் மெஷின் பக்கத்தில் நின்றே காதைத் தொலைத்தவள். நாம் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆனால் கும்மிப் பாட்டில் தோட்டத்தையே கட்டிப்போட்டவள், காது போனபின் ஒரு வரி பாடவில்லை. அந்தக் குரலுக்கு நான் ஏங்கிப்போய்க் கிடந்தேன்.

கடை முதலாளி, சீனத் தவுக்கே, விளக்கு மினுக்கும் பெட்டியைக் காட்டினார்.

“சத்தம் வேணாம் தவுக்கே. குலுங்கணும். சீட்டுல உக்காந்தா முதுகுக்குத் தெரியணும்.”

“அப்போ இதுலா. ரெண்டு சேனலையும் ஒண்ணா சேத்து சப்வூஃபருக்குக் குடு, அந்தப் பெரிய ஸ்பீக்கர்தான் குலுக்கும். பேட்டரி பக்கத்துல பியூஸ் போடு. எர்த் நல்லா குடுக்கணும்.”

வீட்டு வாசலில் ஆலை பிட்டர் செல்லையா வயர் இழுத்தான். எங்கள் வீடுகளுக்கெல்லாம் கரண்ட் இழுத்தவன் அவன்தான்.

“எர்த்துன்னா மண்ணுதான் மச்சான்” என்று கார் பக்கத்தில் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, தண்ணீரும் ஊற்றி, வயரைக் கட்டினான். பெட்டி உயிரில்லாமல் கிடந்தது.

“கார் ஓடுனா கம்பியும் பின்னாலயே ஓடி வருமாடா?” என்று கத்தினேன்.

“மொதல்ல லைட்டு எரியட்டும்லா!”

பாஞ்சாலை வெளியே வந்து பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏங்க, காரு என்ன மாடா, முளையடிச்சுக் கட்டியிருக்கீங்க? பேட்டரியோட கறுப்பு வயரு எந்த மண்ணுல நட்டிருக்கு? பாடியிலதானே முடுக்கியிருக்கு!”

செல்லையா கம்பியிலிருந்து வயரை அவிழ்த்தான். பெயிண்டைச் சுரண்டி, வயரைப் பாடியிலேயே போல்ட் போட்டு முடுக்கினான். விளக்கு எரிந்தது.

அவளை முன்சீட்டில் உட்கார வைத்து, முன்பு ஒரு திருவிழாவில் நானே பதிவு செய்த கேசட்டைப் போட்டேன். உறுமி மேளத்துக்கு அவள் பாடிய பாட்டு. சீட்டு அதிர்ந்தது. அவள் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தாள். பிறகு கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, பாட ஆரம்பித்தாள்.

கேசட்டில் இருந்தவள் சுருதி பிசகாமல் பாடினாள். பக்கத்தில் இருந்தவளின் குரல் கரகரத்து எங்கெங்கோ போனது. தாளம் மட்டும் ஓரிடத்திலும் தப்பவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உறுமியின் அதிர்வை அப்படியே விட்டு, டிரெபிள் குமிழை மட்டும் திருகி அந்தப் பழைய குரலைக் குறைத்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.