செல்லியம்மாள் விட்ட மூன்று பந்துகள்

1

என்னிடம் கேட்டது கதை அல்ல, விழா மலருக்கு ஒரு கட்டுரை. மாவட்ட சாஃப்ட்பால் அணியின் முன்னாள் தேர்வாளர் மாயவனுக்குப் பாராட்டு விழா, இரண்டு பக்கத்தில் மனம் நெகிழும்படி எழுதுங்கள் என்றார்கள். [சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்கு: பேஸ்பாலின் தங்கை. உருண்டை மட்டை, சற்றுப் பெரிய பந்து, கையைத் தாழ்த்தி வீச வேண்டும்.] தகவல் கேட்க, அவரோடு வேலை பார்த்த செவ்வந்தி டீச்சரைத் தேடிப் போனேன். அவர் காபி கொடுத்தார். பிறகு இதைச் சொன்னார்.

கட்டுரையில் நான் எழுதி முடித்திருந்த ஒரே வரி இது: "பட்டிதொட்டியெல்லாம் மறைந்துகிடந்த திறமையைக் கண்டெடுத்த கழுகுக் கண்ணர்..."

அதை அடிக்காமல் விடுகிறேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நீங்களும் பார்க்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 1987 அக்டோபர். சாலையோரத்துப் புளிய மரங்கள் வெட்டுப்பட்டு, வானம் திடீரென்று பெரிதாகியிருந்த

வேண்டாம். அழகாக இருக்கிறது. அழகுக்கு இங்கே வேலை இல்லை.

இரண்டாவது தொடக்கம்: செவ்வந்திக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தற்காலிக உடற்கல்வி ஆசிரியை. தேர்வுக் குழுவில் மூன்றாவது ஆள். மதிப்பெண் எழுதுவது அவர் வேலை. செப்டம்பரில் நடக்க வேண்டிய பெண்கள் அணித் தேர்வு, இட ஒதுக்கீடு கேட்டு நடந்த ஒரு வாரச் சாலை மறியலால் தள்ளிப்போய், பஸ் ஓடத் தொடங்கிய பிறகு கள்ளக்குறிச்சியில் நடந்தது. இருபத்திரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். மட்டைக்காரிகளுக்கு நான்கே இடம். தேர்வானால் மாநிலப் போட்டி, அதற்கு ஒரு சான்றிதழ், அதைக் காட்டினால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரலாம். தென்னாற்காடே இடம் கேட்டு ரோட்டில் நின்ற வருடம் அது.

ஆளுக்குப் பத்துப் பந்து. பார்வை, தொடுகை, தூரம், ஓட்டம் என்று நான்குக்கும் பத்துப் பத்து மதிப்பெண்.

பதினேழாவதாக வந்தவள் செல்லியம்மாள். நைனார்பாளையம் பக்கத்துப் பெண், பிளஸ் டூ படித்தாள். முதல் பந்து தள்ளி விழுந்தது. அவள் மட்டையை அசைக்கவே இல்லை. இரண்டாவது பந்து சுற்றுச்சுவரைத் தாண்டிப் போனது. பத்தில் ஏழு பந்தை அடித்தாள், மூன்றை விட்டாள்.

செவ்வந்திக்குப் புல்லரித்தது அந்த ஏழுக்காக அல்ல, மூன்றுக்காக. மற்ற பெண்கள் எது வந்தாலும் மட்டையை வீசினார்கள். தேர்வு நாளில் சும்மா நிற்க யாருக்கும் பயம். கெட்ட பந்து இது என்று கண்டு, எல்லாரும் பார்த்திருக்க அசையாமல் நிற்பவளுக்குத்தான் ஆட்டம் தெரியும். பார்வைக்குப் பத்துக்குப் பத்து போட்டார். மொத்தம் முப்பத்தெட்டு. அன்று அதற்கு மேல் யாரும் வாங்கவில்லை.

3

இங்கே ஒரு பத்தி இருந்தது. செல்லியம்மாளின் குடும்பம் நிலமில்லாத கூலிக் குடும்பம், சின்ன வயதிலிருந்தே களத்தில் தடியால் எள் அடித்து அடித்து அவள் தோளில் அந்த வலு ஏறியது என்று எழுதியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த பத்தி.

செல்லியம்மாள் இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார். ஏரிக்கரையில் வேலை நடந்த இடத்துக்கே போய் அதைப் படித்துக் காட்டினேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எள்ளு அடிச்சதால பந்து அடிச்சேன்னு யாரு தம்பி சொன்னது?"

"நானா நெனச்சு எழுதினதுங்க."

"எங்க தெருவுல எல்லாருந்தான் எள்ளு அடிச்சாங்க. எவ வந்து பந்து அடிச்சா? நான் ரெண்டு வருசம் ஸ்கூல் வுட்டதும் நின்னு கத்துக்கினேன். ஒரு நாளைக்கி எரநூறு பந்து. கை கிழிஞ்சி சோத்துல கை வைக்க முடியாது. அத எழுத மாட்டியா?"

பத்தியை எடுத்துவிட்டேன். அவர் உழைத்துக் கற்றதைப் பிடுங்கிக் கூலி வேலையின் கணக்கில் போட்ட கை என்னுடையது. மாயவன்மேல் கோபப்படுமுன் இதை நான் சொல்லியாக வேண்டும்.

4

மாயவன் கத்துகிற ஆள் அல்ல. கத்தியிருந்தால் எழுத எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆட்டம் முடிந்ததும் செல்லியம்மாளை மேசைக்குக் கூப்பிட்டார்.

"எந்த ஊரும்மா?"

"நைனார்பாளையம் பக்கங்க."

"ஊரா, காலனியா?"

"காலனிங்க."

"சரி, போ."

[அவர் அவளிடம் பந்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.]

பிறகு செவ்வந்தியின் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, முப்பத்தெட்டு போட்டுகிற. மூணு பந்த வுட்டுட்டாளே."

"மூணும் கெட்ட பந்து சார். வுட்டதுதான் வெளையாட்டு."

"எனக்கே சொல்லித் தரியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "நாடு இருக்கற நெலமைல பொண்ணுங்க ஒண்ணா தங்கணும், ஒண்ணா சாப்புடணும். எவனாவது பெத்தவன் வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ? அடுத்த வருசம் பாத்துக்கலாம். முப்பதுன்னு போட்டு ஃபேர் காப்பி எழுதிக் குடு. ஜனவரிக்கு மேல உன் போஸ்ட்ட நீட்டிக்கணுமா இல்லியா?"

நாட்டின் நிலைமை. மறியலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அந்த வாரம் காலனிகளில் எரிந்த குடிசைகளும் ஏழைகளுடையவை. இரண்டையும் சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பதினேழு வயதுப் பெண்ணின் மதிப்பெண்ணில் எட்டைக் குறைக்கச் சொல்கிறார். அந்த வருடம் அவருக்கு இந்தச் சாக்கு. அடுத்த வருடம் வேறு சாக்கு இருந்திருக்கும்.

என் பிரதியில் செவ்வந்தி தாளைக் கிழித்துப் போட்டார். படித்துக் காட்டியபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கிழிக்கலப்பா. எழுதினேன். நல்ல கையெழுத்துல, கோடு போட்டு எழுதினேன். அத மாத்தாத."

மாற்றவில்லை.

5

சாயங்காலம் எல்லார் மதிப்பெண்ணோடும் பட்டியல் ஒட்டினார்கள். தேர்வான நான்கு பேரில் செல்லியம்மாள் இல்லை. செல்லியம்மாள் இரண்டு முறை படித்தாள். பிறகு நேராகச் செவ்வந்தியிடம் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன் என்கிறார் செவ்வந்தி.

"பார்வைக்கு ரெண்டு போட்டுகிறீங்க டீச்சர். நான் வுட்ட மூணும் நல்ல பந்தா?"

"இல்ல."

"அப்ப எப்பிடி ரெண்டு வந்துச்சி?"

செவ்வந்தி திரும்பிப் பார்த்தார். மாயவன் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.

"பதில் வாணாம் டீச்சர். இப்ப 'இல்ல'ன்னு சொன்னீங்க இல்ல, அத எழுதிக் குடுங்க."

செவ்வந்தி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: செல்லியம்மாள் விட்ட மூன்று பந்துகளும் தவறான பந்துகள். அவர் பெற்ற உண்மையான மதிப்பெண் 38. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அந்தத் தாளோடு ஒரு மனுவைச் சேர்த்து எடுத்துக்கொண்டு செல்லியம்மாளும் அவள் அப்பா பச்சமுத்துவும் இரண்டு பஸ் மாறிக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். மனுவை வாங்கிக்கொண்டார்கள். பதில் வரவில்லை. அணி போய்விட்டு வந்தது. ஜனவரியில் செவ்வந்திக்கு வேலை போனது. அடுத்த தேர்வு நடந்தபோது செல்லியம்மாளுக்கு வயது தாண்டிவிட்டது. அவள் கல்லூரிக்குப் போகவில்லை.

6

முடிவு.

(அ) மனு ஜெயிக்கிறது. எழுதிப் பார்த்தேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

(ஆ) பாராட்டு விழா மேடையில் செல்லியம்மாள் ஏறி ஒலிபெருக்கியைப் பிடிக்கிறார். கூட்டம் வாயடைத்துப்போய்

அவர் போகவில்லை. அவருக்கு யாரும் அழைப்பு அனுப்பவில்லை. விழா நடந்தது, சால்வை போர்த்தினார்கள், நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டேன்.

எப்படி முடிக்கட்டும் என்று ஏரிக்கரைக்கு மறுபடியும் போய்ச் செல்லியம்மாளையே கேட்டேன்.

"அந்தாளு பேர எழுதியிருக்கியா?"

"மாயவன்னு மாத்தி வச்சிருக்கேங்க."

"என் பேரு?"

"செல்லியம்மாள்தான். மாத்தல."

அவர் மண்வெட்டியைக் கரையில் சாய்த்து வைத்தார்.

"நான் தோத்தது ஊருக்குத் தெரியலாம். அவன் செஞ்சது தெரியக் கூடாது. நல்லாக்கீது தம்பி உன் கத."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார்.

அந்த மனிதரின் மகன் எங்கள் தெருவில் இருக்கிறார். பார்த்தால் வணக்கம் சொல்கிறார். உண்மைப் பெயரை எழுதி, அடித்து, எழுதி, மறுபடி அடித்திருக்கிறேன். தாளில் அந்த இடம் ஓட்டையாகிவிட்டது. எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவருக்குச் சால்வை போர்த்தியிருப்பார்கள். மாயவன் என்று வருகிற இடத்திலெல்லாம் அடித்துவிட்டு அவர் பெயரை எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள்.