கீமார் பிரபு சதுப்பை வென்ற விதம்

எங்கள் நாட்டைப் பிடித்த நார்மன்களில் ஒருவனான கீமார் பிரபு, எங்கள் சதுப்பை ஏற்கெனவே விருந்து மேசையில் பேசியே வென்றிருந்தான். சதுப்புக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை. சதுப்பின் நடுவே ஈலித் தீவில் ஒளிந்திருந்த எங்கள் ஆட்கள் நார்மன் காவல்படகுகளை எரித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களுக்கு ரொட்டி கொண்டுபோன விலாங்குமீன்காரன் உல்கெட் பிடிபட்டான். பிரபு அவனைக் கயிற்றால் தன் இடைவாரிலேயே கட்டிக்கொண்டு, அவன் மனைவி ஆல்டித்தைத் தீவுக்கு வழிகாட்டச் சொன்னான். மறுத்தால் புருஷனுக்குத் தூக்கு.

“காட்டுறேன் துரை. இரும்புச் சட்டையக் கழட்டிட்டு, வெறுங்காலோட, ஒருத்தர் பின்னால ஒருத்தரா வரணும். குதிரை ஆகாது.”

“என்னை அம்மணமா கூட்டிட்டுப்போய் மாட்டிவிடப் பாக்குற.”

“அவ பொய் சொல்லமாட்டா துரை,” என்றான் உல்கெட். “அதனால நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆல்டித் கறுப்புச் சேற்றைக் காட்டினாள். முழங்கால் வரை அமுங்கும், ஆனால் அடியில் தரை உண்டு. மறுபக்கம் பச்சைப்பசேலென்று புல்வெளி.

“அந்தப் பக்கம் வேண்டாம். அது தண்ணி மேல மிதக்குற பாய்.”

வெற்றிவீரன் சேற்றில் போவதா? பிரபு உல்கெட்டைப் புல்லில் முன்னே நடக்கவிட்டான். வெறுங்காலை அகட்டி வைத்து அவன் நடந்தான். புல் தாங்கியது.

“பாத்தியாடி பொய்க்காரி?” என்று குதிரையை இறக்கினான் பிரபு.

பாய் கிழிந்தது. குதிரைக்குப் புத்தி இருந்தது, எசமானை உதறிவிட்டுக் கரையேறியது. பிரபுவோடு வந்த வீரர்கள் கரையில் நின்று மிக மரியாதையாகப் பார்த்தார்கள். நாணலிலிருந்து எங்கள் ஆட்களின் அம்பு இரண்டு வந்ததும் மரியாதையையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

பிரபு இடுப்பளவு புதைந்தான். கயிறு உல்கெட்டையும் இழுத்தது. கோரை வேரைப் பற்றிக்கொண்டு அவன் குப்புறக் கிடந்தான். ஆல்டித் வயிற்றால் ஊர்ந்து வந்து முடிச்சைப் பிடித்தாள். நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை.

“துரை, கத்தி உங்ககிட்டதான் இருக்கு. கயித்த அறுங்க.”

“அறுத்தா என்னை யாரு தூக்குவா?”

“நான் தூக்குறேன். சட்டையக் கழட்டுங்க.”

காலையிலிருந்து அவள் சொன்னது எதையும் நம்பாதவனுக்கு, சேறு மார்புக்கு வந்ததும் நம்பிக்கை வந்தது. கயிறு அறுந்தது. உல்கெட் உருண்டு விலகினான். இரும்புச் சட்டை தனியாக உள்ளே போயிற்று.

ஆல்டித் அப்படியே எழுந்து போயிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம். அவளோ விலாங்கு குத்தும் கழியை நீட்டினாள்.

“இவனுக்கு எதுக்குடி கை குடுக்குற?” என்றான் உல்கெட், மூச்சு வாங்க.

“தூக்குறேன்னு சொல்லிட்டேன்யா. கழியப் பிடி.”

கீமார் பிரபு அன்று மாலையே ஈலித் தீவில் கால் வைத்தான். எங்கள் ஆட்களின் கைதியாக, வெறுங்காலோடு, இரும்பு இல்லாமல், ஆல்டித்துக்குப் பின்னால், கறுப்புச் சேற்று வழியாக. அவள் காட்டிய வழி சரியாகவே இருந்தது.